அத்தானின் உரிமமும் என் தலைமுடியும்

மென்பொருள் ஒன்றைக் கணினியில் ஏற்றும்போது "நிபந்தனைகளை வாசித்தேன், உடன்படுகிறேன்" என்று ஒரு பெட்டி வரும். அதை உண்மையாகவே வாசித்துவிட்டுச் சரி போட்ட மனிதரை நான் இன்னும் காணவில்லை. எல்லோரும் சொல்கிற பொய்தான். ஆனால் அந்தப் பொய்யால் பேசி வந்த கலியாணத்தைக் குழப்பிக்கொண்டவன், எனக்குத் தெரிய, நான் ஒருவன்தான்.

கொக்குவிலில் எனக்கு ஒரு ஸ்ரூடியோ இருக்கிறது. பிறந்தநாள், பெண்பிள்ளை பெரியபிள்ளையான சாமத்திய வீடு, கலியாணம் எல்லாம் எடுப்போம். எடுப்பது பாதி வேலை, மீதி கணினியில். யார் முகம் வந்தாலும் முதலில் நிறத்தைக் கொஞ்சம் ஏற்றுவேன், மூக்கை ஒடுக்குவேன், தாடையைக் குறைப்பேன். (கேட்காமலே செய்து கொடுப்பதுதான் நல்ல ஸ்ரூடியோ என்று அப்போது பெருமை வேறு.)

பல வருடங்களாகக் களவு மென்பொருளில்தான் பிழைப்பு ஓடியது. பழைய கணினி செத்துப்போக, புதியதில் அது ஏற மறுத்துவிட்டது. புதிய பதிப்புக்கு மாதாமாதம் சந்தா கட்ட வேண்டுமாம். ரொறன்ரோவில் இருக்கும் அத்தான், என் அக்காவின் கணவர், பறவைகளைப் படமெடுக்கிறவர். அவர் சந்தா கட்டி வைத்திருந்தார். கனடாவில் உறவுக்காரர் ஒன்றை வாங்கினால் அதில் பாதி எங்களுக்குச் சொந்தம் என்பது எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை. உடனே அழைப்பு எடுத்தேன்.

"அத்தான், உங்கடை கணக்கை ஒருக்காத் தாங்கோ. என்ரை கொம்பியூட்டரிலையும் போடுறன்."

"தம்பி, உது ஒரு ஆளுக்கான லைசன்ஸ். ரெண்டு கொம்பியூட்டரிலை போடலாம், ஆனா ஆள் ஒண்டுதான். எதுக்கும் வாசிச்சுப் பாத்திட்டுப் போடு."

"ஓம் ஓம், வாசிக்கிறன்."

வாசிக்கவில்லை. பெட்டியில் சரி போட்டேன். அடுத்து இன்னும் ஏதோ கேட்டது, அதற்கும் சரி. வாசித்திருந்தால் விளங்கியிருக்கும். அந்த மென்பொருளின் கணக்கில் நானும் அத்தானும் ஒரே ஆள். ஆகவே நான் கொக்குவிலில் திருத்துகிற படம் எல்லாம் தானாகவே ரொறன்ரோவிலும் போய் இறங்கும்.

அந்த நாட்களில்தான் எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் பெயர் தர்சினி, ரொறன்ரோவில் அக்கா வீட்டுக்குக் கிட்ட இருப்பவர். சாதகம் பொருந்திவிட்டது. படம் வந்தது. பார்த்த நாளிலிருந்து எனக்கு வேலையில் மனம் ஓடவில்லை, அவ்வளவு பிடித்திருந்தது. என் படத்தை அனுப்பத்தான் பயம். முப்பது தாண்டியதுமே என் நெற்றி உச்சி வரைக்கும் ஏறிவிட்டிருந்தது. புதிய மென்பொருள் பிறகு எதற்கு? சுருள் முடி, நேர்வகிடு, நெற்றியில் விழுகிற முடி என்று விதவிதமாக வளர்த்துப் பார்த்து, அடக்கமான ஒன்றை அனுப்பினேன்.

"டேய், எப்பவடா உனக்குத் தலைமயிர் வந்தது?" என்று அக்கா கேட்டார்.

"எண்ணெய் மாத்தினனான் அக்கா."

அதோடு நின்றிருக்கலாம். சோடி எப்படி என்று பார்க்கும் ஆசையில், தர்சினியின் படத்தை வெட்டி எடுத்து முடி வளர்ந்த என் பக்கத்தில் நிறுத்தினேன். நிறுத்திய கையோடு நிறம், மூக்கு, தாடை என்று வழமையான வேலையையும் முடித்தேன். யோசித்துச் செய்யவில்லை, கை தன் பாட்டில் செய்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண் பகுதியார் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். வீடியோ அழைப்பில் மாப்பிள்ளை பார்ப்பது ஏற்பாடு. நெற்றிக்கு மேலே தெரியாதபடி கைப்பேசியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு கதைத்தேன். தர்சினியின் தகப்பனார் தொழிலைப் பற்றி விசாரித்தார்.

"புதுச் சொவ்ட்வெயருக்கு மாறியிருக்கிறன் மாமா." (மாமா! அவ்வளவு அவசரம் எனக்கு.)

வந்தவர்களுக்குத் தன் பறவைகளைக் காட்டும் ஆசையில் அத்தான் தன் கணக்கிலுள்ள படங்களை ரிவியில் ஓடவிட்டார். அக்கா கைப்பேசியை அந்தப் பக்கம் திருப்பியதால் நானும் பார்த்தேன். ஒரு கொக்கு வந்தது. ஒரு ஆந்தை வந்தது. பிறகு மொட்டைத் தலையோடு நான் வந்தேன். பிறகு சுருள் முடியோடு நான். பிறகு நேர்வகிட்டோடு நான்.

வீடே சிரித்தது. தகப்பனாரும் சிரித்தார். தர்சினி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்த இடத்தில் மின்சாரம் போயிருந்தால் எனக்குக் கலியாணம் முற்றாகியிருக்கும். போகவில்லை. சோடிப் படம் வந்தது.

"பிள்ளை, உது நீயோ?" என்று தாயார் தர்சினியைக் கேட்டார்.

தர்சினி அக்காவிடமிருந்து கைப்பேசியை வாங்கினார். "உங்களுக்குத் தலைமயிர் இல்லாதது எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. என்ரை முகத்திலை என்ன பிழை கண்டனீங்கள்?"

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் சொன்ன பதில் இதுதான்: "இல்லை... நாங்கள் எல்லாருக்கும் உப்பிடித்தான் செய்யிறது."

அவர்கள் தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் எழும்பிப் போனார்கள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. மொட்டை வெளிப்பட்டதற்கு அல்ல. நித்திரை கெட்டு ஆசையாகப் பார்த்த முகத்தையே நான் திருத்த வேண்டிய முகமாக்கிவிட்டேன். இதை எழுதும்போதும் அந்தக் காது சுடுகிறது. மறுநாளே அத்தானின் கணக்கிலிருந்து விலகி, சொந்தமாகச் சந்தா கட்டி, அகராதியும் கையுமாக இருந்து நிபந்தனைகளை முழுதாக வாசித்தேன். எல்லாம் தெளிவாகத்தான் எழுதியிருந்தார்கள்.

பிறகு புத்தூரில் சுபாவைப் பேசினார்கள். கலியாணப் பதிவெழுத்துக்கு முன்னமே அக்கா அவளுக்கு முழுக் கதையையும் சொல்லிவிட்டார். சீதனம், நகை பற்றி ஒன்றும் கேட்காத சுபா ஒரேயொரு நிபந்தனை போட்டாள். அதை மட்டும் நான் கவனமாகக் கேட்டு உடன்பட்டேன். அதனால் ஸ்ரூடியோக்காரனான என் கலியாணத்தைப் படமெடுத்தவர் மானிப்பாயில் இருக்கும் என் போட்டிக்காரர்.

வீட்டுக்கு யார் வந்தாலும் சுபா அந்த அல்பத்தை எடுத்துக் காட்டுவாள். "உவருக்கு ஸ்ரூடியோ இருக்கெண்டு கேள்விப்பட்டம்?" என்று வந்தவர்கள் இழுப்பார்கள்.

"ஓம், இருக்குது. ஆனா உங்கடை முகம் உங்கடை முகமாவே வரவேணுமெண்டால், பின் அட்டையிலை இந்தப் படங்களை எடுத்தவரின்ரை நம்பர் கிடக்கு, எழுதிக்கொண்டு போங்கோ" என்பாள் சுபா.

நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்விடுவேன்.