எம்.ஏ. படிக்க உகந்த காலம்

ஒரு பெண் எம்.ஏ. படிக்கக் கப்பலேற உகந்த காலம் எது என்று மூன்று வருடம் இடைவிடாமல் ஆராய்ந்த பெருமை, இந்த உலகத்திலேயே போர்ட் பிளேரில் இருந்த எங்கள் அலுவலகத்துக்கு மட்டுந்தான் உண்டு. 1964-இல் அதற்கென்றே 'உயர்மட்டக் குழு' அமைந்தது. தலைவர் அதிகாரி ஜெகநாதன். உறுப்பினர்கள் தலைமைக் குமாஸ்தா சிவஞானமும் ஸ்டோர்கீப்பராகிய நானும். மட்டம் உயரந்தான், மாடியில் கூடினோம்.

அந்தப் பெண் எங்கள் டைப்பிஸ்ட் மங்கையர்க்கரசி. புரோத்ராபூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். சென்னையில் எம்.ஏ. இடம் கிடைத்து, படிப்பு விடுப்புக் கேட்டார்.

முதல் வருடம், மழைக்காலக் கடல் சரியில்லை என்று ஒத்திவைத்தோம். இடம் போனது. மறுவருடமும் இடம் கிடைத்தது. ஆடிட் வருகிறது என்றோம். வரவில்லை. வந்திருந்தால்? மூன்றாம் வருடம் சிவஞானம், கல்யாணம் முடித்துவிட்டுப் படித்தால் மனம் ஒருமுகப்படும் என்றார். அவருக்குக் கல்யாணமாகி இருபது வருடம். அதன்பின் அவர் எதையும் படித்ததில்லை.

"வியாழக்கிழமை மெயின்லேண்ட் கப்பல் சார்," என்றார் மங்கையர்க்கரசி. "இதை விட்டா இனிமே இடம் தரமாட்டாங்க. நான் எப்பத்தான் சார் போறது?"

"ஜல்தி என்னம்மா ஜல்தி," என்றார் தலைவர் கனிவாக. "அடுத்த வருஷம் பார்ப்போம். நீ போய்த் தீர்மானத்தை எழுதிக் கொண்டா."

ஆம், அவரை அனுப்ப மறுக்கும் தீர்மானங்களையும் அவரே எழுதுவார். அரை மணியில் கொண்டுவந்தார். மூவரும் வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்திட்டோம். தலைவர் ஆங்கில நடையைப் பாராட்டவும் செய்தார்.

வெள்ளிக்கிழமை டைப் மெஷின் மூடிக் கிடந்தது. மங்கையர்க்கரசி நடுக்கடலில் இருந்தார். ஃபைலை எடுத்து மூவருமாக எழுத்துக் கூட்டிப் படித்தோம். மதியச் சாப்பாட்டுக்குள் விஷயம் விளங்கியது: இரண்டு வருட விடுப்பை நாங்களே ஏகமனதாக வழங்கியிருந்தோம்.

"உடனே தந்தி அடிச்சுத் திரும்பக் கூப்பிடுங்கய்யா," என்றார் தலைவர்.

"அடிக்கலாம் சார்," என்றார் சிவஞானம். "இங்கிலீஷ்ல யாரு எழுதறது?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

குழுவின் தீர்க்கதரிசனத்தை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். அவர் படிக்கப் போக உகந்த காலம் எங்களுக்கு முதல் வருடமே தெரியும்: எங்கள் மூவரில் ஒருவராவது சொந்தமாக ஒரு கடிதம் எழுதக் கற்றுக்கொள்ளும் காலம். அதற்கு நாங்கள் ஒரு நாளாவது முயன்றதாக எந்தத் தீர்மானத்திலும் இல்லை.