ஒன்பது மீட்டர் தொட்டி

காதலிக்கிறவன் கையில் சயின்டிஃபிக் கால்குலேட்டரைக் கொடுக்கக் கூடாது. இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு.

தொண்ணூறுகளில் கோவையில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தேன். சிங்கப்பூர் சித்தப்பா கொடுத்த கால்குலேட்டர் எப்போதும் என் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருக்கும். (மூளைக்குப் பதில் அதுதான் என்பாள் அம்மா.) வகுப்பில் ராதாமணி, “ஏனுங்க, அதைக் கொஞ்சம் குடுங்க” என்று கை நீட்டுவாள். எங்கள் பக்கம் பெண்கள் கட்டின புருஷனை ‘ஏனுங்க’ என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ் கண்டக்டரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பதை வசதியாக மறந்துவிடுவேன். அவள் திருப்பிக் கொடுத்ததும், அவள் கடைசியாகப் போட்ட கணக்கின் விடையை அழிக்க மனம் வராது. பார்த்துக்கொண்டே இருப்பேன். சற்று நேரத்தில் மிஷின் தானாக அணைந்துவிடும்.

ஒருநாள் கேட்டாள்: “அப்பா ஊட்டுல தண்ணித் தொட்டி கட்டறாருங்க. அளவை மாத்தி மாத்திச் சொல்றாரு, கன மூலம் போட்டுப் பாக்கோணும். ஞாயித்துக்கெழமைக்கு மட்டும் இதைத் தருவீங்களா?”

“கன மூலமெல்லாம் பழக்கமில்லாதவங்களுக்கு வராதுங்க. நானே வாரேன்” என்றேன். சனிக்கிழமை முழுவதும் ஒரே சட்டையைத் தேய்த்தேன்.

ஊருக்குள்ளேயே கணபதி என்கிற பகுதியில் அவர்கள் வீடு. முன்னால் அப்பாவின் லேத் பட்டறை, பின்னால் வரிசையாக வாடகை வீடுகள். சிறுவாணித் தண்ணீர் வருகிற அன்று எல்லாருக்கும் பிடித்து வைக்க, வாசலுக்கு அடியில் இருபத்தேழாயிரம் லிட்டர் தொட்டி என்று அப்பா முடிவு செய்திருந்தார். அதாவது இருபத்தேழு கன மீட்டர். நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது வாஸ்துக்காரர் உத்தரவு.

இருபத்தேழின் கன மூலம் மூன்று. பள்ளிக்கூடப் பிள்ளை விரல்விட்டுச் சொல்லும். ஆனால் ராதாமணி காப்பி டம்ளரோடு பக்கத்தில் நிற்கிறாள். மனக்கணக்கில் என்ன பெருமை? இருபத்தேழை அடித்தேன், அடுக்குப் பொத்தானை அழுத்தினேன், ஒன்று வகுத்தல் மூன்று என்று தட்டினேன். அந்த ஒன்று வகுத்தல் மூன்றை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். போடாததால் மிஷின் இருபத்தேழை அப்படியே மூன்றால் வகுத்து, ஒன்பது என்றது.

“ஒம்போது மீட்டருங்க சார்” என்று அறிவித்துவிட்டு, பட்டறை டேப்பை வாங்கிச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட ஆரம்பித்தேன். கோடு துளசி மாடத்தைத் தாண்டி, சமையலறைச் சுவரில் முட்டியது. அளவு இன்னும் பாக்கி இருந்தது.

அப்பா சிரிக்காமல் கேட்டார்: “ஏனுங்க தம்பி, அப்ப ஊடும் தொட்டிக்குள்ளதானுங்களா?”

“மிஷின் தப்புச் சொல்லாதுங்க சார்.”

“அதுவுஞ் சரிதானுங்க. அத்தனை ஆழத்துல பாறை வந்துட்டா?”

“வெடி வெச்சுக்கலாமுங்க.”

“செஞ்சுபோடலாமுங்க” என்று தலையாட்டினார். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். அவர்கள் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள். சமையலறையில் யாரோ தெலுங்கில் ஏதோ சொல்ல, ஒரு கூட்டமே சிரித்தது.

ராதாமணி கால்குலேட்டரை வாங்கிக் கணக்கை மறுபடி போட்டாள். மூன்று வந்தது. “அடைப்புக்குறி உட்டுப்போட்டீங்க” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். திருப்பித் தரும்போது அவள் விரல் பட்டது. மானம் போன அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது. அந்த மூன்றைப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

படிப்பு முடியும்வரை சொல்ல வேண்டியதை நான் சொல்லவே இல்லை. என்னைக் கண்டாலே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரிக்கிறவளிடம் எப்படிச் சொல்வது? அவளைக் கொடுமுடியில் கட்டிக்கொடுத்தார்கள்.

பல வருஷம் கழித்து ஒரு நண்பன் வீட்டுக் கல்யாணத்தில் பார்த்தேன். கணவரும் சின்ன மகளும் கூட இருந்தார்கள். “கண்ணு, ஒம்போது மீட்டருன்னு சொல்லுவேனில்ல, இவருதான்” என்றாள். அந்தக் கதையைக் கேட்டால்தான் பிள்ளை சாப்பிடுமாம். இத்தனை காலமும் அவள் வீட்டில் என் பேச்சு இருந்திருக்கிறது என்று மனது ஒரு கணம் துள்ளியது. (என் பெயர் அதில் எங்கும் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.)

பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டது. “ஏன் மாமா, எங்கம்மா ஊட்டுல அத்தனை பெரிய தொட்டி வெட்டப் பாத்தீங்க?”

மாமா என்றால் அம்மாவுக்கு அண்ணன். அதையும் கேட்டுக்கொண்டேன்.

“கணக்குத் தெரியாமத்தான் கண்ணு” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ராதாமணி மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள்.