மொறப்பண்ணனும் எதிர்நாயும்

தேனி வட்டாரத்தில் மொறப்பண்ணன் கண்ணுக்குத் தேறிய உயிர்கள் இரண்டே இரண்டு. இரண்டுக்கும் வால் உண்டு. மற்றபடி தாசில்தார் முதல் மாட்டு டாக்டர் வரை எல்லோரும் அவரிடம் பெயில்.

சின்னமனூரில் ஜீப் ஓட்டினார். விடிகாலையில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஆட்களை மலைக்கு ஏற்றிப்போய், பொழுது சாய இறக்கிக்கொண்டு வருவார். மலை பங்களாவில் இருந்த மேனேஜர் மாற்றலாகிப் போகும்போது ஒரு டெரியர் ஜாதி நாய்க்குட்டியை இவரிடம் விட்டுப்போனார். வெள்ளை உடம்பு, முகத்தில் பாதி பழுப்பு, வளர்ந்த பிறகும் முழங்கால் உயரம். உயரமான கோம்பை வேட்டை நாய்களைப் பார்த்துப் பழகிய ஊர் அதை ஆட்டுக்குட்டி என்றது. அண்ணன் அதற்குத் துரை என்று பேர் வைத்தார்.

நாய்க் கண்காட்சியில் டெரியர்களுக்கு ஒரு சோதனை உண்டு. ஜட்ஜ் இரண்டு நாய்களை முகத்துக்கு முகம் நிறுத்துவார். வளர்ப்பவர்கள் கயிற்றை இழுத்துப் பிடித்து, ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்வார்கள். காது முன்னால் வரவேண்டும், வால் கம்பு மாதிரி நிற்கவேண்டும், கண் விலகக் கூடாது. கடிக்கப் பாய்ந்தால் மார்க் போச்சு. பின்வாங்கினால் மானமே போச்சு. ஜட்ஜுகள் இதை ஸ்பாரிங் என்பார்கள். அண்ணன் ‘மொறைக்க விடுறது’ என்பார். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். துரை முதல் தடவை நின்ற அழகைப் பார்த்த பிறகு, மனிதர்களையும் அதே சோதனையில் நிறுத்த ஆரம்பித்தார்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மார்க்கையன்கோட்டையில் வாழைத்தார் சுமந்து, தோள் புண்ணாகி அந்த வேலை போனதும், ஜீப் ஸ்டாண்டில் போய் வேலை கேட்டேன். அண்ணன் முறைத்தார். நான் முந்தின நாளிலிருந்து சாப்பிடவில்லை. முகத்தைத் திருப்பவும் தெம்பில்லாமல் நானும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“நிக்கிறான். ஆனா வாலு எந்திரிக்கல,” என்று பக்கத்து டிரைவரிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டு, “ஏலே, மொதல்ல சாப்புடு. பெறகு வண்டியக் கழுவு,” என்றார்.

அவருடைய தங்கச்சி மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்கும் இதே கதிதான். பஜ்ஜி வருவதற்குள் துரையைக் கொண்டுவந்து எதிரில் நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை இரண்டு காலையும் நாற்காலி மேலே தூக்கிவைத்துக்கொண்டார். சம்பந்தம் முறிந்தது.

“ஏண்ணே, கட்டிக்கப் போறது எம் மகளா, ஓம் நாயா?” என்று தங்கச்சி அழுதது.

“இத்தினிக்காண்டு நாயிக்கு நிக்காதவுக, நாளைக்கு நம்ம புள்ளைக்காக எங்கிட்டு ஆத்தா நிப்பாக?”

அந்த வட்டாரத்தில் இன்னும் ஒரே ஒரு டெரியர்தான் இருந்தது. தேவதானப்பட்டியில் மாங்காய் மண்டி வைத்திருந்தவருடையது. பேர் கலெக்டர். கண்காட்சியில் ஒரு தடவை துரை முதலாவது, மறு தடவை கலெக்டர் முதலாவது. தோற்ற அன்று மண்டிக்காரர் ஏதோ சொல்லப்போக, இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. ஆனால் முறைக்கப் பழக வேறு நாய் கிடையாதே. அதனால் ஞாயிறுதோறும் வீரபாண்டி ஆற்றங்கரைக்கு இருவரும் வருவார்கள். இரண்டு கை தூரத்தில் நிற்பார்கள். நடுவில் நான்.

“அவுககிட்ட கயித்த ஏத்திப் புடிக்கச் சொல்லுலே.”

நான் திரும்பி, “கயித்த ஏத்திப் புடிக்கணுமாம்,” என்பேன்.

“காது எனக்கும் இருக்குன்னு சொல்லுப்பா,” என்பார் மண்டிக்காரர்.

அதையும் சொல்வேன். இருவரும் ஒரு நாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டிக்காரர் வரவில்லை. உண்ணிக் காய்ச்சலில் கலெக்டர் செத்துப்போனதாக மறுநாள் சேதி வந்தது. இனி எல்லா வருசமும் முதல் பரிசு துரைக்குத்தான் என்று ஜீப் ஸ்டாண்டில் கேலி பேசினார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனால், துரை மணலில் படுத்து, மண்டிக்காரர் வரும் தேனி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. வால் கீழே போனது போனதுதான். அண்ணன் சலூனிலிருந்து பெரிய கண்ணாடியைத் தூக்கிவந்து முன்னால் நிறுத்தினார். துரை கண்ணாடியின் பின்பக்கம் போய் மோந்து பார்த்துவிட்டு, அங்கேயே படுத்துக்கொண்டது.

“போட்டி போகுது கழுத. இவன் இப்படியே கெடந்து செத்துருவான்லே,” என்றார் அண்ணன். சாப்பாடு அவருக்கும் இறங்கவில்லை.

அடுத்த கண்காட்சியில் டெரியர் என்று கூப்பிட்டபோது வளையத்துக்குள் அண்ணன் பிடித்த கயிற்றில் துரை மட்டும் போனது. நின்றது என்று சொல்ல முடியாது, கால்கள் நின்றன. ஜட்ஜ் ஒரு சுற்று சுற்றி வந்து தலையை ஆட்டினார். “குணமே தெரியலையே. கூட்டிட்டுப் போயிடுங்க,” என்றார்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு மண்டிக்காரர் உள்ளே வந்தார். கையில் கலெக்டரின் கயிறு, நுனியில் கழுத்துப்பட்டை. துரைக்கு எதிரில் வந்து, வழக்கமான இரண்டு கை தூரத்தில் நின்று, பட்டையைத் தரைக்கு மேலே தொங்கவிட்டார்.

“நாய் எங்க சார்?” என்றார் ஜட்ஜ்.

“இருக்கு சார். நீங்க மார்க்கப் போடுங்க.”

துரை மூக்கை நீட்டியது. காது முன்னால் வந்தது. பிறகு வால், யாரோ கீழிருந்து தூக்கிவிட்ட மாதிரி மெதுவாக எழுந்து, கம்பாக நின்றது.

வளையத்து ஓரத்தில் நின்ற என் பக்கம் திரும்பாமலே அண்ணன் சொன்னார்: “ஏலே, அவுககிட்ட கயித்த இறுக்கிப் புடிக்கச் சொல்லு. கலெக்டரு ரொம்ப முன்னால வர்றான்.”

நான் சொன்னேன்.

“எம் பயல எனக்குப் புடிக்கத் தெரியும்னு சொல்லு,” என்றார் மண்டிக்காரர். ஆனால் கயிற்றை ஒரு விரற்கடை இழுத்துக்கொண்டார்.

ஜட்ஜ் முதல் பரிசைத் துரைக்குக் கொடுத்தார். அண்ணன் நகரவில்லை. “ரெண்டாவது யாருக்கு சார்?” என்றார். ஜட்ஜ் இருவரையும் பார்த்துவிட்டு, இரண்டாம் பரிசு ரிப்பனை மண்டிக்காரர் கையில் வைத்தார்.

“அடுத்த வாட்டி பாத்துக்கிறேன்னு சொல்லுப்பா,” என்றார் அவர்.

ஒரு இடத்தில் நிலைக்கிற ஆள் இல்லை நான். அங்கிருந்தும் கிளம்பிவிட்டேன். இப்போது நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையில் இருக்கிறேன். வேலைக்குக் குறைவில்லை, சாப்பாட்டுக்கும் குறைவில்லை. அவர்கள் இன்னும் ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைக்கு வருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நடுவில் யார் நிற்கிறார்கள் என்று மட்டும் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்த இடம் காலியாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லியனுப்பட்டும். அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன்.