எண் ஏழு எழுந்து நின்றபோது

எனக்கொரு வியாதி இருக்கிறது. நன்றாக நடந்துகொண்டிருக்கும் எதைக் கண்டாலும் அதைத் திருத்தவேண்டும் என்று கை துருதுருக்கும். பழுதாய்ப் போனவற்றில் அவ்வளவு அக்கறை கிடையாது (எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாய் எத்தனை வருசமாக ஒழுகுகிறது என்று என் மனைவியிடம் கேட்டுவிடாதீர்கள்). ஒழுங்காக ஓடுவதில் கைவைப்பதுதான் என் பிறவிக்குணம்.

பட்டம் முடித்து, 'அபிவிருத்தி உத்தியோகத்தர்' என்ற நியமனக் கடிதம் கைக்கு வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. அலுவலகத்தில் ஒரு கதிரையும் அரை மேசையும் தந்தார்கள். மற்ற அரை மேசை இன்னொரு அபிவிருத்தி உத்தியோகத்தருக்கு. அபிவிருத்தி செய்வதற்குத்தான் ஒன்றும் தரவில்லை. ஆகவே கண்ணில் பட்டதையெல்லாம் நானாகவே அபிவிருத்தி செய்யத் தொடங்கினேன்.

அப்போதுதான் முகநூலில் அந்தக் குழுவைக் கண்டுபிடித்தேன். கல்முனை, நிந்தவூர், காரைதீவு, அக்கரைப்பற்று என்று நம் கரையோர ஆட்கள் நாற்பது பேர் சேர்ந்து ஒரே நாவலை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஓர் அத்தியாயம் எழுதுவார், அடுத்தவர் அதிலிருந்து தொடர்வார். எல்லோருக்கும் புனைபெயர். நான் மட்டும் சொந்தப் பெயரில், பதவியையும் அடைப்புக்குறிக்குள் போட்டுச் சேர்ந்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை! இரண்டு நாளில் முழுவதையும் வாசித்து முடித்தேன். அற்புதமாக இருந்தது. அற்புதமாக இருந்ததனால் உடனே திருத்த முடிவுசெய்தேன்.

குழுவை நடத்தியவர் காரைதீவுப் புவனா மிஸ், ஒரு பாடசாலை ஆசிரியை. அவருக்கு 'விடயம்: குழுவினை மேம்படுத்தல் தொடர்பானது' என்று தலைப்பிட்டு இருபத்துமூன்று ஆலோசனைகள் அனுப்பினேன். 'இத்தால் தங்களுக்கு அறியத்தருவது' என்றுதான் தொடக்கம். யார் எதை எழுதினாலும் 'அருமை', 'மாஷா அல்லாஹ்', ஓர் இதயப்படம் என்று போட்டுவிட்டுப் போகிறார்கள், இப்படியிருந்தால் இலக்கியம் எப்படி வளரும் என்று கேட்டிருந்தேன். நான்காம் ஆலோசனை: புனைபெயரும் வேண்டாம், எழுத்தாளருக்கு இலக்கம் மட்டும் இருக்கட்டும், அப்போதுதான் பயமில்லாமல் விமர்சிக்கலாம். ஒன்பதாவது: மாத முடிவில் நேரில் கூடவேண்டும், விமர்சகர் தன் விமர்சனத்தைச் சபையில் வாசிக்கவேண்டும், அதன்பிறகு அந்த எழுத்தாளர் எழுந்து தன்னை வெளிப்படுத்தவேண்டும். பதினேழாவது: எழுத்தாளருக்குப் பதில் சொல்ல ஐந்து நிமிடம். (இதை ஜனநாயகத்துக்காகச் சும்மா சேர்த்தேன். யார் பதில் சொல்லப்போகிறார்கள்?)

புவனா மிஸ் பதில் போட்டார்: "நல்லம் தம்பி. எல்லாத்தையும் செய்து பாப்பம். விமர்சகர் நீங்கதான்."

நான் அலுவலகத்திலேயே கதிரையை விட்டுத் துள்ளினேன்.

அதே கிழமைதான் பாலமுனையிலிருந்து ஒரு கலியாணப் பேச்சை என் சாச்சா (வாப்பாவின் தம்பி) கொண்டுவந்தார். பெண் பெயர் சிஃப்னா, கணித ஆசிரியை. போட்டோ பார்த்தேன். மரியாதைக்கு ஒருமுறை எல்லோர் முன்னாலும், பிறகு தனியாக ஒரு முப்பது முறை. இரு வீட்டாருக்கும் சம்மதம். பெண் மட்டும் யோசிக்க ஒரு மாதம் கேட்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோகிறான். காலம் முழுக்க வீட்டுக்குள் வைத்திருக்கப்போகும் ஒருவனை விசாரிக்காமல் எடுப்பார்களா? விசாரிக்கட்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன். என்னைப் பற்றி விசாரித்தால் நல்லதுதானே வரும்!

எண் ஏழின் அத்தியாயம் அந்த மாதம் வந்தது. கதாநாயகி சபுறா விடியற்காலையில் கடற்கரைக்குப் போகிறாள். அவளுடைய வாப்பாவின் கரைவலையை ஆட்கள் இழுக்கிறார்கள். அவள் கயிற்றில் கைவைத்துப் பார்த்து, "பாரம்தான், ஆனா மீனில்ல" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பி நடக்கிறாள். அவ்வளவுதான் அத்தியாயம்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, கல்முனையில் ஒரு சின்ன மண்டபத்தில். ரோல்ஸ், தேத்தண்ணி, ஒலிவாங்கி எல்லாம் இருந்தன. என் கெட்டித்தனம் பாலமுனைவரை போய்ச் சேரட்டும் என்று சாச்சாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மேடையில் ஏறித் தொண்டையைச் செருமி வாசித்தேன்.

"வலை பாரமாக வருகிறதாம்! மீன் இல்லையாம்! அப்படியென்றால் உள்ளே இருப்பது என்ன, சீமெந்து மூட்டையா? இதை எழுதியவர் கடலைக் கலண்டரில் மட்டும் பார்த்தவர். நிச்சயமாக ஆண். அறுபது தாண்டியவர். கொழும்பு மாடிவீட்டில் குளிரூட்டியின் கீழ் இருந்து எழுதுகிறார். இவருக்குப் பெண்ணின் மனமும் தெரியாது, மீனின் குணமும் தெரியாது!"

மண்டபம் சிரித்தது. நான் கையை விரித்து, "எண் ஏழு, தயவுசெய்து எழுந்து நில்லுங்கள்!" என்றேன்.

கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். முப்பது முறை பார்த்த முகம்.

முன்வரிசையில் இருந்த சாச்சா ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, ஒலிவாங்கிக்கே கேட்கும்படி சொன்னார்: "அடேய் மகன், அது நம்மட பாலமுனைப் புள்ளடா!"

அவள் பக்கத்திலிருந்த காக்கா, கூடப்பிறந்த அண்ணன், என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். புவனா மிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பதினேழாம் ஆலோசனைப்படி அஞ்சு நிமிசம் இரிக்கு, கதைங்க தங்கச்சி" என்றார்.

"என்ட வயசு இருபத்தஞ்சு" என்று தொடங்கினாள் சிஃப்னா. மண்டபம் மறுபடியும் சிரித்தது, இம்முறை வேறு ஆளைப் பார்த்து. "கொழும்புக்கு ரெண்டு தரம் போயிரிக்கன். எங்கட வாப்பாக்குக் கரைவலை இரிக்கி. வலைக்குள்ள சொறி, அந்த ஜெலிபிஷ், ஏறினாலும் பாரமாத்தான் வரும். சொறிய உங்களுக்குத் தெரியுமா? வழுவழுப்பா, தொட்டா அரிக்கும். மீன் ஏறினா கயிறு துடிக்கும். சொறி ஏறினா பொணம்போல வரும். கையில புடிச்சாத் தெரியும்."

நான் விமர்சனத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். அவள் விடவில்லை.

"உங்கட வீட்டுக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம்?"

"நடந்தா அஞ்சு நிமிசம்."

"கரைவலை இழுக்கிறதக் கடைசியா எப்ப பாத்தீங்க?"

சமாளிக்கப் பத்து வழி இருந்தது. சுட்டுப்போட்டாலும் அதில் ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை. "பாத்ததே இல்ல. தெரியாமத்தான் எழுதினன்" என்றேன்.

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "சரி" என்று உட்கார்ந்துவிட்டாள். மூன்று நிமிடம் மிச்சம் இருந்தது. அதை நான் மேடையில் நின்றே கழித்தேன்.

வீட்டுக்கு நான் வருமுன்பே செய்தி வந்துவிட்டது. உம்மா தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தா. "யா அல்லாஹ்! பொண்ணப் பாத்துக் கிழவன் எண்டானாமே! சபைக்குள்ள வெச்சு! நாங்க ஊர்ல தலைகாட்ட ஏலுமா?" வாப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். பெண் வீட்டார் வெள்ளிக்கிழமை பதில் சொல்வதாகத் தவணை. அதுவரை எனக்குப் பிடித்தது ஒரு போட்டோ. இப்போதோ அந்தப் பெண் வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. அவளையே என் வாயால் விரட்டிவிட்டேனே என்று ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

அடுத்தநாள் சுபஹு தொழுதுவிட்டு நேரே கடற்கரைக்கு ஓடினேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றைப் பிடிக்கலாமா என்று கேட்டேன். "புடிங்க சேர், ஆள் காணாதுதான்" என்றார் ஒருவர். இழுத்தேன். பாரம் என்றால் பாரம், தோள்மூட்டு கழன்றது. துடிப்பே இல்லை. வலை கரைக்கு வந்தது: மடி முழுக்கச் சொறி! வலைக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்ள, நான் மட்டும் "அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்தினேன் (அடி வாங்காமல் தப்பியது என் உம்மா செய்த துஆ). ஒன்றை இரு கையாலும் தூக்கியும் பார்த்தேன்.

அங்கேயே நின்று குழுவில் எழுதினேன்: "எண் ஏழு சொன்னது முழுக்கச் சரி. நான் எழுதியது முழுக்கப் பிழை. சொறியைத் தொட்டுப் பார்த்தேன். இதை எழுதும்போது இரண்டு கையும் அரிக்கிறது." மற்ற எல்லோரும் சிரிப்புப்படம் போட்டார்கள். எண் ஏழு மட்டும் ஒன்றும் போடவில்லை.

வெள்ளி ஜும்ஆ முடிந்து சாச்சா வந்தார். கையில் நாலாய் மடித்த தாள். முகத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியவில்லை.

"பொண்ணு எழுதித் தந்திரிக்கா. எல்லாருக்கும் கேக்க வாசிக்கட்டாம்" என்றவர், மூக்குக்கண்ணாடியை மாட்டினார். "விடயம்: மாப்பிள்ளையினை மேம்படுத்தல் தொடர்பானது."

உம்மா என்னைப் பார்த்தா. நான் நிலத்தைப் பார்த்தேன்.

மொத்தம் பதினொரு ஆலோசனைகள். ஒரு வசனத்துக்கு மூன்று வியப்புக்குறி போடுவதை நிறுத்தவேண்டும். பெண்களின் வயதை ஊகிக்கக்கூடாது. அவள் வீட்டுக்குப் போனபின் முதல் ஆறு மாதத்துக்கு அடுப்படி, கிணற்றடி, அவளுடைய உம்மா ஆகிய எதையும் மேம்படுத்தக்கூடாது. இப்படியே போனது. ஆனால் முதலாவது இதுதான்: "தெரியாது என்று சொல்ல வருகிறது. அரிப்போடு இருந்தும் சொல்கிறார். இது ஆண்களிடம் குறைவு. தொடர்ந்து பேணவும். சம்மதம்."

சிரித்தே அறியாத என் வாப்பா, சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நான் சாச்சாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன்.

இப்போது பாலமுனையில், அவள் வீட்டில் இருக்கிறேன். புவனா மிஸ் குழுவின் பொறுப்பை என்னிடம் தரவில்லை, சிஃப்னாவிடம் கொடுத்தார். அந்தத் தாள் அலுமாரியில் இருக்கிறது. வீட்டுக்கு யார் விருந்துக்கு வந்தாலும் மாமி அதை எடுத்துவரச் சொல்லி, என் பிள்ளைகளைக்கொண்டே வாசிப்பிக்கிறா. மூத்தவளுக்கு மனப்பாடம்.

போன கிழமை குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், குழுவை மேம்படுத்த முப்பத்தொரு ஆலோசனைகள் அனுப்பியிருந்தார். சிஃப்னா தேத்தண்ணியோடு உட்கார்ந்து ஒன்றுவிடாமல் வாசித்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். ஆள் சரியான திமிர், தாங்க முடியவில்லை.

"தூக்கி எறிங்க" என்றேன்.

"பொறுங்க" என்றாள் அவள். "எங்கட சாச்சிட மகள் ஒருத்திக்கு மாப்பிள பாக்கிறாங்க. இவருக்குக் கலியாணம் பேசியாச்சா எண்டு ஒருக்கா விசாரிங்களன்."