சனிக்கிழமைக் கோளாறு

சங்ககிரி
17.8.1988, புதன்கிழமை

கோயமுத்தூர் மில்லில் கம்ப்யூட்டர் பிரிவில் உத்தியோகம் பார்க்கும் திருவாளர் பாலசுந்தரம் அவர்களுக்கு, தங்கள் தாய்மாமனும் சங்ககிரி லாரி புக்கிங் ஆபீஸ் முதலாளியுமான சென்னியப்பன் எழுதிக்கொள்வது. இங்கு நான், தங்கள் அத்தை ராமாயி, மகள் சௌந்திரம், லாரிகள் பதினொன்று ஆகிய அனைவரும் நலம். கம்ப்யூட்டர் ஒன்றுதான் நலமில்லை. எங்கள் ஊட்டு ஞாயிற்றுக்கிழமைக் கோழிக் குழம்பு இல்லாமல் தாங்கள் மற்ற ஆறு நாளும் எப்படித் தாக்குப்பிடிக்கிறீர்கள் என்பதை அறிய ஆவல்.

அக்கா மகனை 'மாப்பிள்ளை' என்று எழுதுவதுதான் முறை. எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம்.

சித்திரை மாதம் அக்கா வந்து, சௌந்திரத்தைத் தங்களுக்குக் கேட்டபோது நான் என்ன சொன்னேன்? "நம்ம ஆபீசுக்கு ஒரு புரோகிராம் எழுதட்டும், அது ஒழுங்கா ஓடட்டும், பொறகு பொண்ணுப் பேச்சைப் பேசலாம்" என்றேன். சேலத்துக் கடைக்காரர் ஆறாயிரம் ரூபாய்க்கு ரெடிமேடாக ஒரு புரோகிராம் காட்டினார். தாங்கள்தான் குறுக்கே வந்து, "மாமா, அது யாருக்கோ அளவெடுத்துத் தைச்ச சட்டை, நமக்கு நம்ம அளவுக்கே நான் தைச்சுத் தாரேன், காசே வேண்டாம்" என்றீர்கள். காசு வேண்டாம் என்ற வார்த்தையில் மயங்காதவன் இந்த ஜில்லாவிலேயே கிடையாது. இப்ப அந்தக் காசு வேண்டாத சட்டைக்கு ஆன செலவைச் சொல்லட்டுமா? பதினாலு சனிக்கிழமை நீங்க கோயமுத்தூர்ல இருந்து வந்து போன பஸ் சார்ஜு, பதினாலு கோழி, நீங்க உக்கார்றதுக்கு மெத்தை வெச்ச நாற்காலி, மெஷினுக்கு வேர்க்கக் கூடாதுன்னு ஏசி, அந்த ரூமுக்குள்ள செருப்போட போகக் கூடாதுன்னு சொல்லி என் செருப்பைத் தெருநாய் தூக்கிட்டுப் போனது ரெண்டு ஜோடி. ஆறாயிரம் தாண்டி நாளாச்சு.

சரி, செலவு போகட்டும், வேலையாவது நடக்குதான்னு பாத்தா, திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் தங்கமா ஓடுது. சனிக்கிழமை மத்தியானம் ஆனா நின்னுபோகுது. போன மாசம் நாகப்பூர் போற வண்டிக்கு டிரிப் ஷீட்டு அடிச்சா, கிளீனர் பேரு போடற எடத்துல 'சென்னியப்பன்'னு வருது. என் பேரு. பதினோரு லாரிக்கு முதலாளி நான், எனக்கு என் வண்டியிலயே கிளீனர் வேலை. டிரைவர் அதை வாங்கிப் பாத்துட்டு, "ஏறுங்க, போலாம்"ங்கறான். அதுக்கு முந்தின வாரம் திரையில ஒண்ணுமே காணோம், பச்சையா ஒரு புள்ளி மட்டும் முழிச்சு முழிச்சுப் பாக்குது. ஒவ்வொரு தடவையும் சௌந்திரம், பாவம், பி.காம். படிச்ச புள்ளை, அதுதான் மெஷினைப் பாத்துக்குது, அது மொகம் வாடி, "அப்பா, இது மச்சானுக்குத்தான் தெரியும், போன் போடட்டுங்களா"ங்கும். நீங்க பொழுது சாய வருவீங்க. பத்து நிமிசத்துல சரியாகும். நீங்க கெளம்ப மட்டும் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆகும். கேட்டா 'டெஸ்டிங்'கும்பீங்க. கோழிக் காலைக் கடிச்சுக்கிட்டே என்னத்த டெஸ்ட் பண்ணுனியோ, உனக்குத்தான் வெளிச்சம்.

இதுல ஒரு அதிசயம். வைகாசியில சௌந்திரம் பத்து நாளு ஈரோட்டுக்கு அவ சித்தி ஊட்டுக்குப் போயிருந்தா. நான் ஒத்தை வெரல்ல தட்டுனேன். சனிக்கிழமையும் ஓடுச்சு. மெஷினுக்கே அந்த வாரம் மனசு நல்லா இருந்துருக்குது போல.

ராகு காலப் பூட்டு வேணுமுன்னு நான்தான் கேட்டேன், இல்லேங்கலை. ராகு காலத்துல எந்த வண்டிக்கும் ஷீட்டு அடிக்கக் கூடாதுன்னேன். அதுக்காக வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கு நாமக்கல் முட்டை லோடு வந்து நிக்கறப்ப, பன்னண்டு மணி வரைக்கும் மெஷின் வாயே தொறக்காம இருக்கறதா? பார்ட்டி எதுத்தாப்பல மயில்சாமி ஆபீசுக்குப் போயிட்டான். அந்த மயில்சாமி, அதே ரெடிமேடு ஆறாயிரத்தைத்தான் வாங்கி வெச்சுருக்கான். அது பம்பாய்ல எவனுக்கோ செஞ்சது, ஷீட்டு அடிக்கறதுக்கு முன்னால கப்பல் பேரு கேக்குது. சங்ககிரியில கப்பலுக்கு எங்க போறது? அவன் குமாஸ்தா தெனமும் 'காவேரி'ன்னு தட்டிட்டு ஜோலியைப் பாக்கறான். நானும் மொதல்ல வயிறு வலிக்கச் சிரிச்சேன். இப்பச் சிரிப்பு வரலை. கப்பல் பேரு கேட்டா என்ன, சொல்லிட்டாப் போகுது. கோழிக் குழம்பு கேக்கலையே.

ஆகவே முடிவு பண்ணிட்டேன். நாளைக்கு வியாழக்கிழமை ரெடிமேடு வருது. அதோட ஆவணி பொறந்தாச்சு. திருச்செங்கோட்டுல போர் போடற ரிக் வண்டி ரெண்டு, மாடி ஊடு, பன்னண்டு ஏக்கரான்னு எல்லாம் ரெடியா இருக்கற எடத்துல இருந்து அடுத்த வாரம் சௌந்திரத்தைப் பாக்க வாராங்க. இன்னும் எழுதி முடியாத புரோகிராமையும் மாப்பிள்ளையையும் வெச்சுக்கிட்டு நான் காலந்தள்ள முடியாது. இனிமே சனிக்கிழமை பஸ் ஏற வேண்டாம். உங்க அத்தை ரெண்டு நாளா எங்கிட்டப் பேசறதில்லை, அது என் பாடு. அக்காவுக்கும் மச்சானுக்கும் என் வணக்கம். எங்கிருந்தாலும் நல்லா இருங்க, நல்ல சம்பளம் வாங்குங்க, நல்ல மெஸ்ஸாப் பாத்துச் சாப்பிடுங்க.

இப்படிக்கு,
தாய்மாமன்,
ச. சென்னியப்பன்

பின்குறிப்பு, சனிக்கிழமை சாயங்காலம்: மேல உள்ளதைத் தபால்ல போடலை, மேசை மேலயே கெடந்துச்சு. ரெடிமேடு வியாழக்கிழமை வந்துச்சு, வெள்ளிக்கிழமை ஓடுச்சு. இன்னிக்கு மத்தியானம் நின்னுபோச்சு. சௌந்திரம் மொகம் வாடி, "அப்பா, இதுவும் மச்சானுக்குத்தான் தெரியும், போன் போடட்டுங்களா"ங்குது. நான் சேலத்துக் கடைக்காரரை வரச் சொன்னேன். அவரு பாத்துட்டு, "மெஷின்ல ஒரு கோளாறும் இல்லைங்க, புரோகிராம் பதிஞ்சு உள்ள போடற பிளாப்பித் தகடுதான் காணோம்"ங்கறாரு. ராமாயி எந்திரிச்சுப் போனா. பீரோவுல புள்ளை சீலை மடிப்புக்குள்ள இருந்து எடுத்தாந்து என் கையில குடுத்தா. பதினாலு வாரமா அவளுக்குத் தெரியும்போல.

"ஏங்கண்ணு, ஒழுங்கா ஓடுனாத்தான் பாலசுந்தரத்துக்குப் பொண்ணு தருவேன்னு நான் சொல்லியிருக்கறப்ப, நீயே இப்படி நிறுத்தலாமா?"ன்னு கேட்டேன். "அப்படி ஒரு பேச்சு இருக்குதுன்னு எங்கிட்ட யாருங்கப்பா சொன்னீங்க?"ன்னு திருப்பிக் கேட்டுச்சு. அக்காகிட்டப் பேசுனேன், மச்சான்கிட்டப் பேசுனேன், திருச்செங்கோட்டுக்காரங்ககிட்டப் பேசுனேன். பெத்த புள்ளைகிட்டத்தான் பேசலை.

திருச்செங்கோட்டுக்கு வர வேண்டாமுன்னு சொல்லியனுப்பிச்சுட்டேன். ரெடிமேடு ஆறாயிரத்தைச் சீர்ல கழிச்சுக்குவேன், அதுல மட்டும் பேச்சில்லை. வர்ற சனிக்கிழமை அக்காவையும் மச்சானையும் கூட்டிக்கிட்டு வாங்க, மாப்பிள்ளை. பத்தரை வரைக்கும் ராகு காலம், அது கழிஞ்சு ஊட்டுப்படி ஏறுங்க. உங்க புரோகிராம்ல அந்தப் பூட்டு ஒண்ணு மட்டும் எந்தச் சனிக்கிழமையும் தப்புனதில்லை.