வளரும் பிள்ளைக்கு ஒரு ஹொக்கி மட்டை

பிள்ளை வளர்ப்பை உலகத்துக்கே சொல்லிக்கொடுக்கத் தகுந்த குடும்பம் ஒன்று உண்டென்றால், அது அம்பிட்டியவில் இருக்கும் என் அக்கா கஜலட்சுமியின் குடும்பம்தான். அங்கே எந்தப் பொருளும் இன்றைய பிள்ளைக்காக வாங்கப்படுவதில்லை. நாளைய பிள்ளைக்காகவே வாங்கப்படும். அக்கா மகள் தனுஜா, பெரிய சப்பாத்தின் முனையில் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் பாடசாலைக்குப் போவாள். காலுக்குச் சரியாக வரும் நாளில் சப்பாத்து பிய்ந்திருக்கும். அதுதான் திட்டமிடல்!

தனுஜாவுக்குப் பன்னிரண்டு வயதில் ஹொக்கிப் பைத்தியம் பிடித்தது. பாடசாலையின் இரவல் மட்டையால் நன்றாகவே அடித்தாள். பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டோர் அணிக்கான தெரிவு நெருங்கியதும், சொந்த மட்டை வாங்க 'உயர்மட்டக் குழு' டவுனுக்குப் புறப்பட்டது. அலுவலகத்தில் இலிகிதரான மச்சான் சதீஸ்குமார், அக்கா, நான் ஆகியோர் அங்கத்தவர்கள். பிள்ளை வெறும் பார்வையாளர்.

கடைக்கார நபீல் சின்ன மட்டை ஒன்றை நீட்டினார். தனுஜா அதைத் தரையில் ஊன்றிப் பார்த்தாள். சரியாக இடுப்பெலும்பு வரை வந்தது. குனிந்து, இல்லாத பந்தைத் தட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு.

“இதுதாம்ப்பா. மிஸ் சொன்ன அளவு.”

“இடுப்பு வரைக்குமா?” அக்கா பதறினாள். “வளர்ற புள்ள. ஆறு மாசத்துல பத்தாமப் போயிராதா?”

“கட்டையா இருந்தா பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?” என்ற தத்துவக் கேள்வியை நான் எழுப்பினேன்.

நபீல் வியாபாரி, மறுக்கவில்லை. “பெரிசெண்டா வெல கொஞ்சம் கூட, சேர். மரியாதையும் கூட.”

மரியாதை என்றதும் மச்சான் பணப்பையை எடுத்துவிட்டார். தனுஜாவின் நெஞ்சுக்குழி வரை வந்த, வளர்ந்த ஆண்களுக்கான மட்டை ஏகமனதாகத் தெரிவானது.

தெரிவு நாளன்று அவள் குனிந்தபோதெல்லாம் கைப்பிடி வயிற்றில் குத்தியது. பந்து அவளைத் தாண்டி மரியாதையாகப் போய்க்கொண்டிருந்தது. பயிற்றுவிப்பாளர் ருஷ்தா மிஸ் ஓடி வந்தார்.

“மகள், இது பெரிய ஆக்கள்ட மட்டை. இந்தாங்க, ஸ்கூல் மட்டை ஈக்குது, இதால அடிங்க.”

தனுஜா கையை நீட்டினாள். வேலிக்கு இந்தப் பக்கமிருந்து மச்சான் கர்ஜித்தார்: “சொந்த மட்டை இருக்கையில இரவலா? எங்க மானம் என்னாவுறது? தொடாத!”

அவள் தொடவில்லை. மானம் தப்பியது. அணியில் அவள் பெயர் வரவில்லை.

“அடுத்த வருஷம் பாத்துக்கலாம்,” என்றார் மச்சான்.

“அடுத்த வருஷம் எனக்கு வயசு கூடிரும்ப்பா.”

அதன் பிறகு அவள் மைதானம் பக்கமே போகவில்லை. இதைத்தான் நாங்கள் 'பக்குவம்' என்று மெச்சினோம்.

இப்போது வருடம் மூன்றாகிறது. எங்கள் கணிப்பு பலித்துவிட்டது. மட்டை அவள் இடுப்புக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. அதை வைத்துக்கொண்டு கூரையில் ஏறும் குரங்குகளை விரட்டுகிறாள்.

போன ஞாயிறு, மச்சான் தலைமையில் 'பெற்றோர் விளையாட்டு மேம்பாட்டுச் சங்கம்' அவர் வீட்டு ஹோலில் கூடியது. பேச்சு நடக்கையில் தகரக் கூரையில் ஒரே அமளி. தனுஜா மட்டையுடன் முற்றத்துக்கு இறங்கினாள். கீழே கிடந்த கொய்யாக்காயை ஒரே தட்டு. அது உயர்ந்து போய்க் கூரை முகட்டில், தலைவர் குரங்கின் காலடியில் விழுந்தது. குரங்குக் கூட்டமே ஓடிப்போனது. அங்கத்தவர்கள் கதிரைகளை ஜன்னல் பக்கம் திருப்பிக் கை தட்டினார்கள்.

“சத்தம் போடாதீங்க,” என்று அதட்டிய மச்சான், தீர்மானத்தை மறுபடி வாசித்தார்: “இந்தக் காலத்துப் பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டில் ஆர்வமே இல்லை.”

ஆதரிப்போர் கை உயர்த்தும்படி கேட்கப்பட்டது. அவளை மைதானத்திலிருந்து விரட்டிய எங்கள் மூவர் கைகள்தான் முதலில் உயர்ந்தன.