ஒரே ஒரு தும்

ஹாஜா மைதீனின் கார் டிக்கியிலிருந்து 'தும்' என்று ஒரே ஒரு சத்தம் வந்தது. பள்ளிவாசல் தெரு மொத்தமும் நோன்பு திறந்துவிட்டது.

சூரியன் அப்போது தென்னந்தலைக்கு மேலே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. அதை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. குடவாசலுக்குத் தெற்கே இருக்கிற அந்த ஊரில் நோன்பு திறக்க வானத்தைப் பார்ப்பதில்லை. கையில் கட்டியிருக்கிற கடிகாரத்தையும் பார்ப்பதில்லை. பள்ளிவாசல் மாடி அறைதான் நகராவின் இடம். பெரிய அண்டாவுக்குத் தோல் போர்த்தினாற்போல ஒரு முரசு. மோதினார் ஆஸிம் தினமும் தனியாகப் படியேறிப் போவார். ஒரே ஒரு அடி. அப்புறம் மைக்கில் பாங்கு, தொழுகைக்கான அழைப்பு. அடி விழுந்ததும் பேரீச்சம்பழத்தோடு கை தானாக வாய்க்குப் போகும்.

அன்றைக்கும் போனது. கஞ்சியில் பாதியைக் குடித்துவிட்டு வடையைக் கடிக்கும்போது, மாடியிலிருந்து இன்னொரு 'தும்'. பின்னாலேயே பாங்கு. வாயில் வடையோடு தெருவே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது.

"அப்ப மொதல்ல அடிச்சது யாரு?" என்றார் உபைதுல்லா.

எல்லார் கண்ணும் காருக்குப் போயிற்று.

உபைதுல்லா கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். ஹாஜா மைதீனின் மகள் ஆஷிகாவைத் தன் மகன் பாசித்துக்குப் பேசி முடித்திருக்கிறவர். பெருநாள் கழிந்து நிக்காஹ். காய்ச்சல் வந்தால்கூட மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நகராவுக்குக் காத்திருப்பாரே தவிர, நோன்பை விடமாட்டார்.

"சம்பந்தி, போன நோன்பு போச்சு. பெருநாளுக்கப்புறம் களா வெச்சு ஈடுகட்டிக்குவேன். ஆனா பொண்ணு எடுக்கிற வீட்டிலேர்ந்தே என் நோன்புல கை வைக்கிறது, இது மொதலும் கடைசியுமா இருக்கட்டும்."

ஹாஜா மைதீன் துபாயில் வெகுகாலம் வண்டி ஓட்டியவர். திரும்பி வரும்போது மற்றவர்கள் தங்கம் கொண்டுவருவார்கள். அவர் பாட்டின் அடி ஒலியை அதிர வைக்கிற ஒரு சப்வூஃபர் பெட்டி கொண்டுவந்தார். ரஜாய்ப் போர்வையில் சுற்றி, ரஜாயைப் பாயில் சுற்றி, கப்பலில் போட்டுக் கொண்டுவந்த ஜப்பான் சாமான். போட்டுக் கேட்கக் கார் இல்லை. ஆகவே பெட்டி அடுப்படி மூலைக்குப் போனது. அவர் மனைவி கமருன்னிஸா அதன் தலையில் அரிசி மூட்டையை ஏற்றினார். ஒரு மூட்டை தீர்ந்தால் அடுத்த மூட்டை. வருடங்கள் அப்படியே போயின.

இப்போது மகளுக்குக் கல்யாணம் என்றதும், நோன்புக்கு முன்பே பழைய கார் ஒன்று வாங்கினார். ஆஷிகாவை அந்தக் காரில் ஏற்றி, அந்த வூஃபர் அதிர, புகுந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்க வேண்டும். புகுந்த வீடு அதே தெருவில்தான், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில். அதனால் என்ன, ஊரைச் சுற்றிக்கொண்டு போகலாம் என்று வைத்திருந்தார்.

வூஃபர் சும்மா பாடாது, ஆம்ப்ளிஃபையர் வேண்டும். சின்னதாக ஒன்று வாங்கித் தன் கையாலேயே மாட்டினார். அதுதான் அந்த முதல் தும்.

மறுநாள் தஞ்சாவூர் கீழவாசலில் அறிவுச்செல்வன் கடையில் போய் நின்றார்.

"பாட்டுப் போட்டா என்ன ஆவுது பாய்?" என்றான் அறிவுச்செல்வன்.

"ஒரு தும். அப்புறம் கம்முனு ஆயிடுது."

"வூஃபரைக் கொண்டாங்க. மீட்டர் வெச்சுப் பார்த்துட்டு எந்த ஆம்ப்புன்னு சொல்றேன்."

"தம்பி, வூஃபரைப் பத்தி மட்டும் பேசாத. அது ஷேக்கு வண்டியில இருந்த சாமான். நீ ஆம்ப்பை மட்டும் சொல்லு."

அறிவுச்செல்வன் நல்ல வியாபாரி. வாடிக்கையாளர் மனம் கோண விடமாட்டான்.

"அப்ப பவர் பத்தல பாய். அது முன்னூறு வாட்ஸ் கேக்குது, நீங்க நூறு குடுக்குறீங்க. யானைக்கு டம்ளர்ல கஞ்சி ஊத்துனா ஒரு தடவைதான் பிளிறும், அப்புறம் படுத்துக்கும்."

ஹாஜா மைதீனுக்கு இது நியாயமாகப் பட்டது. பெரிய ஆம்ப்பை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பி மாட்டி முடிக்கும்போது, பொழுது சாய இன்னும் கொஞ்சம் பாக்கி. சாவியைத் திருப்பினார்.

இந்தத் தடவை சத்தம் காதுக்கு வரவில்லை. உள்ளங்கால் வழியாக ஏறி வந்தது. வாசலில் வைத்திருந்த கஞ்சிக் கோப்பைகளில் வட்ட வட்டமாக அலை எழுந்து அடங்கியது. ஆற்றுக்கு அக்கரையில், உளுந்து வயலில் நின்ற கொக்குகள் மொத்தமாக எழுந்து, ஒரு குரல் கொடுக்காமல் கிழக்கே போயின. அவை அந்தப் போகம் திரும்பி வரவேயில்லை என்று சொல்கிறார்கள். கொக்குகளிடம் விசாரித்தவர் யாருமில்லை.

அக்கரையிலிருந்து அந்த வயல்காரர் இராஜாங்கத்தின் மனைவி ராமாயி தூக்குவாளியோடு வந்து நின்றாள். நோன்புக் கஞ்சி வாங்க வழக்கமாக வருகிறவள்தான்.

"இன்னிக்கு என்ன பாய், சீக்கிரமே அடிச்சுட்டாங்க? உலையை அப்படியே போட்டுட்டு ஓடியாரேன்."

உபைதுல்லா அன்றைக்கு உஷாராகத்தான் இருந்தார். காரை நம்பாமல் பள்ளிவாசலுக்குள்ளேயே போய் உட்கார்ந்திருந்தார். அங்கேயும் கேட்டது. அதுவும் நேர் தலைக்கு மேலே, மாடியில் கேட்டது. அப்படிக் கேட்டால் எந்த மனிதன்தான் பழத்தை வாயில் போடமாட்டான்? போட்டார். மென்று விழுங்கினார். பொழுது சாய்ந்ததும் இரண்டாவது தும் வந்தது, பாங்கு வந்தது, உபைதுல்லாவுக்குக் கோபம் வந்தது.

தெருவில் ஹாஜா மைதீனோடு முகம் கொடுத்துப் பேச ஆளில்லை. மோதினார் ஆஸிம் மட்டும் ஒரு பெரிய கிண்ணம் நிறையக் கஞ்சியோடு வீடு தேடி வந்தார்.

"நீங்க செய்றது பெரிய நன்மை, அண்ணே," என்று காதோரம் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

"பார்த்தியா, மோதினாருகூட குத்திக் காட்டுறாரு," என்றார் ஹாஜா மைதீன் மனைவியிடம்.

"அந்தப் பெட்டியைக் கழட்டி ஆத்துல போடுங்க."

"ஆத்துல தண்ணி இல்ல."

"தண்ணி வர்ற வரைக்கும் மணல்லயே கெடக்கட்டும்."

மறுநாள் ஹாஜா மைதீன் கடைக்குப் போனதும் அறிவுச்செல்வன் நிறைய யோசித்தான். தும் மட்டும் வருவது மோசமான ஆம்ப்பின் குணம், ஆன் செய்யும்போது உதைக்கும் என்றான். வூஃபருக்கென்றே தனியாக வருகிற ஆம்ப்பு ஒன்று இருக்கிறது. அடி ஒலியைத் தவிர வேறெதையும் தொடாது, அத்தனை மென்மை என்றான். "போட்டா நகரா மாதிரி இருக்காது பாய். பூனை நடக்கிற மாதிரி இருக்கும்."

அதையும் வாங்கினார். டிக்கியில் தலையை விட்டுக்கொண்டு மாட்டினார். சாவி கமருன்னிஸாவின் முந்தானையில் முடிந்திருந்தது. பாட்டரியிலிருந்து வருகிற சிவப்பு ஒயரை இன்னும் சொருகவில்லை. அவர் கையிலேயே இருந்தது.

தும்.

சாலையோரத்து நாய்கள் குரைக்கவில்லை. எழுந்து நின்று, எல்லாம் ஒரே பக்கமாகப் பார்த்தன. காரை அல்ல, காருக்கு மேலே எதையோ.

"என்னங்க," என்றார் கமருன்னிஸா. "ஒயரு உங்க கையில இருக்கு."

"தெரியுது."

"அப்ப எப்படி..."

"உள்ள போ."

தெருவில் அதற்குள் எல்லோர் வாயும் பழத்தை மென்றுகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் உபைதுல்லாவிடமிருந்து சொல் வந்தது. நாளைக்கும் பொழுது சாயுமுன் சத்தம் வந்தால் பேச்சு முறிந்தது, பாசித்துக்கு அதிராம்பட்டினத்தில் ஒரு இடம் தயாராக இருக்கிறது.

ஆஷிகா அப்பன் எதிரே வந்து நின்றாள்.

"அத்தா, நான் வேணுமா வூஃபர் வேணுமா, இப்பவே சொல்லிடுங்க. அதிராம்பட்டினத்துப் பொண்ணுக்கு நான் வாழ்த்துச் சொல்லணும்."

ஹாஜா மைதீன் அன்று தூங்கவில்லை. டிக்கியை ஒரு கயிற்றால் கட்டினார். எதற்கென்று அவருக்கே தெரியாது. விடிந்ததும் தஞ்சாவூர் போய் அறிவுச்செல்வனைக் கையோடு அழைத்துவந்தார். உபைதுல்லாவையும் கூட்டிவந்து காருக்குப் பின்னால் நிறுத்தினார். தெருவும் கூடிவிட்டது. நான்கு பேர் முன்னிலையில் பெட்டியைத் திறந்து சந்தேகத்தைத் தீர்த்துவிடுவது என்று ஏற்பாடு.

திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. ஒவ்வொன்றாகக் கழன்று வருவதற்குள் வெயில் இறங்கிவிட்டது. அறிவுச்செல்வன் முன்பக்கத்துச் சல்லடைத் தகட்டை எடுத்தான். டார்ச் அடித்துப் பார்த்தான். கையை உள்ளே விட்டு ஒரு பிடி உமியும், கந்தல் துணியும், காய்ந்துபோன ஒரு எலியும் எடுத்து வெளியே வைத்தான்.

"வூஃபர் எங்கப்பா?" என்றார் ஹாஜா மைதீன்.

"இதான் பாய். கூம்பை எலி தின்னுருக்கு. காயிலு நசுங்கி ஒட்டிக்கிச்சு. இது மேல என்னத்த வெச்சிருந்தீங்க?"

கமருன்னிஸா வேறு பக்கம் பார்த்தார்.

"இது செத்துப் பல வருஷமாச்சு," என்றான் அறிவுச்செல்வன். "டிரான்ஸ்ஃபார்மரைக் கொண்டாந்து மாட்டுனாலும் இதுலேர்ந்து சத்தம் வராது. ஒரு நாளும் வந்திருக்காது."

கூட்டம் பெருமூச்சு விட்டது. உபைதுல்லா முன்னால் வந்து ஹாஜா மைதீனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, பாவம், உங்க மேல பழி போட்டுட்டேன். இது நம்ம ஆஸிம் வேலை. நோன்புக் களைப்புல நேரம் தெரியாம ஒரு தடவை அடிக்கிறான், நேரம் தெரிஞ்சதும் இன்னொரு தடவை அடிக்கிறான். அவனை நான் பார்த்துக்கிறேன். நிக்காஹ் பேசுன தேதியில பேசுன மாதிரியே நடக்கும்."

ஆஷிகா உள்ளே ஓடினாள். பேரீச்சம்பழத் தட்டோடு வந்தாள். சூரியன் முங்கியது. மேலே பள்ளிவாசல் மாடியிலிருந்து நிதானமாக, கனமாக, ஒரே ஒரு தும் இறங்கி வந்தது.

"பார்த்தீங்களா, இதான் நகரா," என்றார் உபைதுல்லா, தம் கடிகாரத்தை எல்லோருக்கும் காட்டி. "சரியான நேரம்."

எல்லோரும் பழத்தை வாயில் போட்டார்கள். அறிவுச்செல்வனும் போட்டுக்கொண்டான். சந்தோஷமாக மென்றார்கள்.

பாங்கு மட்டும் வரவில்லை.

தெருமுனையில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. சாக்கில் சுற்றிய அண்டா போன்ற ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு மோதினார் ஆஸிம் இறங்கினார். மூச்சு வாங்க ஓடிவந்தவர், உபைதுல்லா நிற்பதைக்கூடக் கவனியாமல் ஹாஜா மைதீனிடம் நேராகப் போனார்.

"பஸ்ஸு லேட்டாயிடுச்சு, அண்ணே. நோன்பு பொறக்கறதுக்கு முன்னாடியே தோல் கிழிஞ்சு மாத்தக் குடுத்திருந்த நகரா இன்னிக்குத்தான் கையில கெடச்சுது. ரெண்டு மூணு நாள் முந்திட்டாலும், இந்த நோன்பு முழுக்க தெனமும் எனக்காக உங்க கார்லயே அடிச்சுக் காப்பாத்துனீங்க. நாளையிலேர்ந்து உங்களுக்கு அந்தச் சிரமம் வேணாம்."